பெரிய தசம எண்களைக் கூட்டும்போது விடை தப்பினால்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிப்பது

விடை தப்பாக வந்ததும் நிரலை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிப்பது நம்மில் பலருடைய பழக்கம். பெரிய தசம எண்களின் கூட்டலில் அதைவிடச் சீக்கிரம் பலன் தருவது, தப்பான விடையையே உற்றுப் பார்ப்பது. வால் இலக்கங்கள் மாறியிருக்கின்றனவா, நடுவில் பூஜ்ஜியங்களைக் காணோமா, தலையில் ஒரு 1 குறைகிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எங்கே உடைந்தது என்பதை விடை தன் வடிவத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

எண் 50 இலக்கமோ 50,000 இலக்கமோ, பொறுமையாக உட்கார்ந்து தாளில் பென்சிலால் போட்டால் என்ன வருமோ அதுவே வர வேண்டும், ஓர் இலக்கம்கூட மாறக் கூடாது. துல்லியம் என்று இங்கே நான் சொல்வது அதைத்தான். கூட்டலுக்கு இது எட்டாத இலக்கு இல்லை. வகுத்தலைப் போல முடியாமல் நீளும் விடை கூட்டலில் வராது. முடிவுள்ள இரண்டு தசம எண்களைக் கூட்டினால் வருவதும் முடிவுள்ள தசம எண்தான். அதனால் "கொஞ்சம் தப்பினால் பரவாயில்லை" என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். எண்ணை வாங்கியதும் ஒருமுறை, கூட்டுவதற்குச் சற்று முன் ஒருமுறை, விடையை வெளியே அனுப்பும் முன் ஒருமுறை என்று மூன்று இடங்களில் அதை மேற்கோள் குறிக்குள் அச்சிடுங்கள். பக்கத்திலேயே அதன் நீளத்தையும் அச்சிடுங்கள். எண் முதலில் எந்த இடத்தில் மாறியது என்று தெரிந்துவிடும். நான் பார்த்தவரை, கூட்டும் லூப்பில் இருக்கும் பிழைகளைவிட எண் உள்ளே வரும் வாசலில் இருப்பவைதான் அதிகம்.

0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வருகிறது

எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். புள்ளி உள்ள எண்களுக்கு நிரல்மொழிகள் வழக்கமாகத் தரும் வகைகளான ஃப்ளோட், டபுள் இரண்டும் எண்ணை இரண்டடிமானத்தில் (0, 1 மட்டும் கொண்டு) வைத்துக்கொள்கின்றன. பத்தடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதே, அதுபோல இரண்டடிமானத்தில் பத்தில் ஒரு பங்கு முடிவதே இல்லை. டபுளுக்கு இருப்பது 53 பிட். அதற்குள் அடங்கும் அளவுக்கு வெட்டி வைக்கும்போது நீங்கள் எழுதிய 0.1 உண்மையில் இப்படி ஆகிவிடுகிறது:

0.1000000000000000055511151231257827021181583404541015625

அச்சிடும்போது இரண்டு இலக்கத்துக்கு ரவுண்ட் செய்து மறைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பிழை உள்ளேயே இருக்கும், ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது சேர்ந்து மேலே வரும். எண்ணை ஸ்ட்ரிங்காக, அதாவது மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்துகளாக வாங்கி, பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல் என்ற பத்தடிமான எண் வகைகளுக்கு நேராகக் கொடுப்பதே தீர்வு.

மேலே உள்ள நீண்ட எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டெசிமல் பயன்படுத்தியும் விடையில் 00555111512 போன்ற வால் தெரிந்தால், யாரோ 0.1-ஐ மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள். எண் முதலில் ஃப்ளோட் ஆகிவிட்டது, டெசிமல் அந்தத் தப்பை விசுவாசமாகப் பிரதி எடுத்துவிட்டது. ஜாவாவில் பிக்டெசிமலின் வேல்யூஆஃப் வழியாகப் போனால் 0.1 சரியாக வரும். ஆனால் அங்கும் தொடக்கம் டபுள்தான் என்பதால் 30 இலக்க எண்ணை அந்த வழியில் காப்பாற்ற முடியாது.

ரூபாய், காசு போல புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டே இலக்கம் என்றால் இத்தனை ஏற்பாடும் வேண்டாம். எல்லாவற்றையும் காசாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

வால் இலக்கங்கள் மட்டும் மாறுகின்றன அல்லது பூஜ்ஜியமாகின்றன

ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740993 என்று எழுதிப் பாருங்கள், திரும்பி வருவது 9007199254740992. இன்னும் நீளமாக 12345678901234567890 என்று கொடுத்தால் 12345678901234567000 என்று காட்டும். தலை சரி, வால் போச்சு. டபுள் ஒவ்வொரு முழு எண்ணையும் தனித்தனியாக அடையாளம் காட்டுவது 2-இன் 53-ஆம் அடுக்கு வரைதான், அதாவது 9007199254740992 வரை.

இந்த அறிகுறியைப் பார்த்ததும் கூட்டல் நிரலைத் தொடாதீர்கள், எண் வந்த பாதையைப் பாருங்கள். ஜேசன் என்ற தரவுப் பரிமாற்ற வடிவத்தில் மேற்கோள் குறி இல்லாமல் வந்த எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் பார்ஸ் செய்யும்போதே டபுளாக்கிவிடும். அதற்கு அப்புறம் பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் வகையைப் போட்டாலும் போன இலக்கம் வராது. ட்விட்டர் 2010-இல் பெரிய அடையாள எண்களுக்கு மாறியபோது, அதே எண்ணை ஸ்ட்ரிங்காகவும் இன்னொரு புலத்தில் தரத் தொடங்கியது இதற்காகத்தான். நீங்களும் அனுப்பும் பக்கத்தில் எண்ணை மேற்கோள் குறிக்குள் வைத்து அனுப்புங்கள். பைத்தானில் ஜேசன் படித்தால், தசம எண்களை டெசிமலாகவே எடுக்கச் சொல்லும் வசதி இருக்கிறது.

எக்ஸெலும் இதே வேலையைச் செய்யும். அது 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண் உள்ள சிஎஸ்வி கோப்பை ஒருமுறை எக்ஸெலில் திறந்து சேமித்துவிட்டால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். டேட்டாபேஸில் எஸ்க்யூலைட் மேல் ஒரு கண் இருக்கட்டும். அட்டவணையின் பத்தியை டெசிமல் என்று அறிவித்தாலும் பெரிய தசம எண்ணை அது ஃப்ளோட்டாக மாற்றிவிடும், அதனால் டெக்ஸ்ட் பத்தியில் வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் டெசிமல் 65 இலக்கம் வரை தாங்கும், அதில் புள்ளிக்குப் பின் அதிகபட்சம் 30. போஸ்ட்கிரெஸ்ஸின் நியூமெரிக் புள்ளிக்கு முன் 1,31,072 இலக்கம், பின் 16,383 இலக்கம் வரை போகும்.

பைத்தான் டெசிமலில் 28 இலக்கம் வரை சரி, அதற்கு மேல் இல்லை

இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் "டெசிமல் போட்டாச்சு, இனி கவலையில்லை" என்று நிம்மதியாக இருப்பவர்களைத்தான் இது பிடிக்கும். பைத்தானின் டெசிமல் ஸ்ட்ரிங்கிலிருந்து எண்ணை முழுசாக வாங்கிக்கொள்ளும், எத்தனை இலக்கமானாலும். ஆனால் கூட்டும்போது விடையை ஒரு வரம்புக்கு ரவுண்ட் செய்யும். நீங்கள் மாற்றாதவரை அந்த வரம்பு 28 இலக்கம்.

12345678901234567890123456789 என்ற 29 இலக்க எண்ணை எடுத்துக்கொண்டு அதோடு பூஜ்ஜியத்தைக் கூட்டுங்கள். விடை 12345678901234567890123456790-க்குச் சமமாக, அடுக்கு வடிவில் (E+28 என்ற வாலோடு) வரும். பூஜ்ஜியத்தைக் கூட்டியதற்கே எண் ஒன்று ஏறிவிட்டது! பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது.

கூட்டுவதற்கு முன் வரம்பை உயர்த்துங்கள். எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், கணக்கிட்டே சொல்லலாம். எல்லா எண்களிலும் புள்ளிக்கு முன் உள்ள அதிகபட்ச இலக்கம், புள்ளிக்குப் பின் உள்ள அதிகபட்ச இலக்கம், இரண்டையும் கூட்டுங்கள். இரண்டே எண்கள் என்றால் மேலும் 1 சேருங்கள். 10 லட்சம் எண்களைக் கூட்டினால்கூட 6 இலக்கம் மேலே சேர்த்தால் போதும். அதோடு, விடை ரவுண்ட் ஆனால் பிழை எழுப்பச் சொல்லும் இன்எக்ஸாக்ட் என்ற பொறியையும் இயக்கிவிடுங்கள். கணக்கு எங்காவது தப்பினாலும் நிரல் சத்தம் போட்டு நிற்கும். இந்த ஒரு வரியை நான் எந்த நிரலிலும் விடுவதில்லை.

ஜாவாவின் பிக்டெசிமலில் இந்தத் தொல்லை இல்லை, இலக்க வரம்பைச் சொல்லும் மேத்கான்டெக்ஸ்ட் எதையும் கொடுக்காமல் கூட்டினால் விடை முழுசாக வரும். அங்கே வேறொரு சறுக்கல் உண்டு. கூட்டினால் பழைய பெட்டி மாறாது, புதிய எண்தான் திரும்பி வரும். அதை வாங்கி வைக்க மறந்தால் லூப் எத்தனை முறை ஓடினாலும் மொத்தம் 0 என்றே நிற்கும். சி ஷார்ப்பின் டெசிமல் 28, 29 இலக்கத்தோடு நின்றுவிடும், வரம்பில்லாத கூட்டலுக்கு அது ஆகாது.

பெரிய கூட்டல்தொகை திடீரென்று மைனஸாகிறது

ஜாவாவில் 2147483647-உடன் 1 சேர்த்தால் −2147483648. இன்ட் என்ற முழு எண் வகையின் இடம் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய லாங் வகைக்கு மாறினால் 9223372036854775807 வரை தள்ளிப்போடலாம், தீர்க்க முடியாது. சி மொழியில் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மொழியின் விதியே உறுதி தருவதில்லை.

7-உம் 5-உம் சேர்ந்து 75 ஆகிறது, இல்லையென்றால் 108

75 என்றால் ஸ்ட்ரிங்குகள் ஒட்டிக்கொண்டன. 108 என்றால் எழுத்துகளின் குறியீட்டு எண்களைக் கூட்டியிருக்கிறீர்கள். '7'-இன் குறியீடு 55, '5'-இன் குறியீடு 53. ஒவ்வோர் எழுத்திலிருந்தும் 48-ஐக் கழித்தால் இலக்கம் கிடைக்கும்.

1.05 + 1.5 போட்டால் 2.55 வராமல் 2.10 வருகிறது

சொந்தமாகக் கூட்டல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் தப்பு இது, நானும் இப்படித்தான் தொடங்கினேன். எண்ணைப் புள்ளியில் உடைத்து, இந்தப் பக்கத்தை ஒரு முழு எண்ணாகவும் அந்தப் பக்கத்தை இன்னொரு முழு எண்ணாகவும் கூட்டுவது. "05" என்பது 5 ஆகிவிட்டது, "5" என்பதும் 5, கூட்டினால் 10. பின்னப் பகுதியில் முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பு உண்டு, பின்னால் வரும் பூஜ்ஜியத்துக்குத்தான் இல்லை. முழு எண் பகுதியில் இது அப்படியே தலைகீழ்.

இதே உடைப்பில் இன்னும் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கும். 0.7 + 0.6 போட்டால் 0.13 வரும், ஏனென்றால் பின்னப் பகுதியில் வந்த 13-இன் 1, புள்ளியைத் தாண்டி இடப்பக்கம் போகவில்லை. அடுத்து −0.5 + 2. விடை 1.5 வர வேண்டும், வருவது 2.5. "−0" என்ற பகுதியை முழு எண்ணாக்கியதும் அது வெறும் 0, மைனஸ் எங்கே போனதென்றே தெரியாது. −3.5 போன்ற எண்களில் மைனஸ் தப்பிப் பிழைத்துவிடும் என்பதால் சோதனையில் இது சிக்குவதில்லை. குறியை எல்லாவற்றுக்கும் முன்பே கழற்றித் தனி மாறியில் வைத்துவிடுங்கள்.

சரியான வழி நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. குறைகிற பக்கத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்பு: முழு எண் பகுதிக்கு இடப்பக்கம், பின்னப் பகுதிக்கு வலப்பக்கம். இரண்டு வரிகளும் ஒரே நீளத்துக்கு வந்ததும் வலக்கோடியிலிருந்து கூட்டிக்கொண்டு வா. பள்ளிக்கூடத்தில் இனமாற்றம் என்று சொல்லிக்கொடுத்ததைத்தான் நிரலில் கேரி என்கிறோம்.

99999999999999999999.95-உடன் 0.055-ஐக் கூட்டிப் பார்ப்போம். என் சோதனைப் பட்டியலில் எப்போதும் முதலில் இருப்பது இந்தக் கணக்கு.

99999999999999999999.950
00000000000000000000.055

வலக்கோடியில் 0-உம் 5-உம் 5, கையில் ஒன்றுமில்லை. அடுத்து 5-உம் 5-உம் 10, 0 போட்டுக் கையில் 1. அடுத்து 9, 0, கையிலிருந்த 1, மொத்தம் 10, மறுபடி 0 போட்டுக் கையில் 1. புள்ளியைத் தாண்டுகிறோம், கையிலிருக்கும் 1-ஐக் கீழே போட்டுவிடக் கூடாது. அப்புறம் இருபது 9-கள், ஒவ்வொன்றும் 0 ஆகி 1-ஐ அடுத்ததன் கையில் கொடுக்கும். கடைசியில் இலக்கங்கள் தீர்ந்துவிட்டன, கையில் இன்னும் 1 இருக்கிறது. அதையும் எழுதினால்:

100000000000000000000.005

விடையின் தலையில் இருக்க வேண்டிய 1 காணவில்லை

மேலே உள்ள கணக்குக்கு உங்கள் நிரல் 0.005 என்று சொன்னால் இதுதான் கோளாறு. லூப் முடிந்த பிறகு கேரி மிச்சமிருக்கிறதா என்று பார்க்கவில்லை. லூப்புக்கு வெளியே ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

குறிகள் வேறுபட்டால் மட்டும் விடை கோணலாக வருகிறது

100-உடன் −250-ஐச் சேர்த்தால் −150-க்குப் பதில் 850 வருகிறதா? 1000-இலிருந்து 150-ஐக் கழித்தால் 850. சிறிய எண்ணிலிருந்து பெரியதைக் கழிக்கப் போய், கடன் வாங்க ஆளில்லாமல் இல்லாத ஆயிரத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறது நிரல். குறிகள் வேறானால் முதலில் குறியை விட்டுவிட்டு எது பெரியது என்று பாருங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, பெரியதன் குறியைப் போடுங்கள். ஒப்பிடுவதைப் பூஜ்ஜியங்கள் நிரப்பிய பிறகே செய்யுங்கள். நிரப்புவதற்கு முன் ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டால் "9" என்பது "10"-ஐவிடப் பெரியது என்று சொல்லும். நிரப்பியபின் "09", "10" என்று நின்றால் தப்பாது.

விடை பூஜ்ஜியமானால் குறியை எடுத்துவிடுங்கள், −0.00 என்று யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

விடையின் நடுவில் பூஜ்ஜியங்கள் காணாமல் போகின்றன

என்னுடைய இரண்டு நாட்களைத் தின்ற பிழை இது. வேகத்துக்காக இலக்கம் இலக்கமாகக் கூட்டாமல், ஒன்பது ஒன்பது இலக்கமாகக் கட்டுக் கட்டிக் கூட்டும்படி மாற்றியிருந்தேன். நல்ல வழிதான். ஒரு கட்டின் அதிகபட்ச மதிப்பு 999999999. இரண்டு கட்டுகளும் கேரி 1-உம் சேர்ந்தாலும் 1999999999, அது 2147483647-க்குள் அடங்கிவிடும், இன்ட் நிரம்பாது. ஆயிரக்கணக்கான சோதனைகளில் தேறியது. ஒருநாள் ஒரு கூட்டல்தொகை இரண்டு இலக்கம் குட்டையாக வந்து நின்றது.

சின்ன எடுத்துக்காட்டில் காட்டினால், 4000000007 + 3000000005. கட்டுகளாகப் பிரித்தால் முதல் எண் 4, 7. இரண்டாவது 3, 5. கூட்டினால் 7, 12. இதை ஒட்டி அச்சிட்டால் 712! இரண்டாம் கட்டு 000000012 என்று ஒன்பது இலக்கமாக வெளியே வர வேண்டும். முதல் கட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அச்சிடும்போது இடப்பக்கம் பூஜ்ஜியம் நிரப்ப வேண்டும் என்பதை விட்டுவிட்டேன். குருட்டாம்போக்கில் எண்களை உருவாக்கிச் சோதித்தால் பத்தில் ஒன்பது கட்டுகள் பூஜ்ஜியம் அல்லாத இலக்கத்தில் தொடங்கும், அதனால் குட்டையான எண்களில் பிழை அடிக்கடி நழுவிவிடுகிறது. பூஜ்ஜியம் நிறைந்த எண்களை நீங்களே எழுதிச் சோதியுங்கள்.

பின்னப் பகுதிக்கும் கட்டுகள் பயன்படுத்தினால் 0.5-இன் கட்டு 500000000. அதை 5 என்று வைத்தால் அது 0.000000005 ஆகிவிடும்.

விடைக்குள் −35, 2999 போன்ற விநோத எண்கள்

−35 என்றால் வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்த கேரேஜ் ரிட்டர்ன், குறியீடு 13. அதிலிருந்து 48-ஐக் கழித்தால் −35. விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸில் படிக்கும்போது இது வரும். தொடக்கத்தில் சொன்னபடி நீளத்தையும் அச்சிட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாத இந்த எழுத்து அங்கேயே மாட்டியிருக்கும்.

2999 என்றால் யாரோ தமிழ் இலக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். ௧-இன் யூனிகோடு எண் 3047, அதிலிருந்து 48 போனால் 2999. பைத்தான் தமிழ் இலக்கங்களை இலக்கமாகவே ஏற்கும். ௧௨ என்ற ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் 12 தரும், இலக்கமா என்று கேட்டாலும் ஆம் என்று சொல்லும். அதை நம்பி உள்ளே விட்டுவிட்டு, அப்புறம் 48-ஐக் கழித்தால் இந்தக் கதிதான். ௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்) மூன்றையும் பைத்தான் இலக்கமாக ஏற்காது.

வாசலில் 0 முதல் 9 வரை, ஒரு புள்ளி, முன்னால் ஒரு குறி, இவ்வளவுதான் அனுமதி என்று கறாராக வையுங்கள். காற்புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்க வேண்டாம். நமக்கு 12,34,567 இயல்பு, ஜெர்மனியில் 3,5 என்றால் மூன்றரை. நீக்கிவிட்டால் 35 ஆகிவிடும். அடுக்கு வடிவ எண்களை ஏற்பதாக இருந்தால் அடுக்குக்கு ஒரு மேல்வரம்பு வையுங்கள். பத்தின் 100 கோடியாவது அடுக்கு என்று பத்துப் பதினைந்து எழுத்துக்குள் ஒருவர் எழுதி அனுப்பிவிடலாம், அதோடு 1-ஐக் கூட்டச் சொன்னால் 100 கோடி இலக்கங்களுக்கு இடம் தேடி நிரல் மூச்சுத் திணறும்.

விடை சரி, ஆனால் சமம் இல்லை என்கிறது

ஜாவாவின் பிக்டெசிமலில் 2.0-உம் 2.00-உம் சமமா என்று ஈக்குவல்ஸிடம் கேட்டால் இல்லை என்கும். அது புள்ளிக்குப் பின் உள்ள இடங்களையும் ஒப்பிடுகிறது. மதிப்பை மட்டும் ஒப்பிடும் கம்பேர்டூ (compareTo) பயன்படுத்துங்கள்.

விடை சரி, ஆனால் மிக மெதுவாக வருகிறது

விடையின் முன்பக்கம் ஒவ்வோர் இலக்கமாக ஒட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் முழு ஸ்ட்ரிங்கும் பிரதியாகும் மொழிகளில் இலக்கம் இரட்டிக்கும்போது நேரம் நான்கு மடங்காகும். இலக்கங்களை ஒரு பட்டியலின் பின்னால் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.

பைத்தானில் 4300 இலக்கத்துக்கு மேல் முழு எண்ணாக மாற்றும்போது பிழை எழுகிறதென்றால் அது உங்கள் தப்பில்லை. மாற்றும் வேலை நீண்ட எண்களுக்கு மிக மெதுவாகும் என்பதால் 3.11 முதல் வைத்திருக்கும் பாதுகாப்பு வரம்பு அது. டெசிமலுக்கு அந்த வரம்பு கிடையாது. அது உள்ளேயும் பத்தின் அடுக்குகளிலேயே கட்டுக் கட்டி வைத்திருப்பதால் நீண்ட தசம எண்களை வாங்கவும் அச்சிடவும் வேகமானது.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

கையாலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இலக்கங்களைக் கூட்டி, 9 9-ஆகத் தள்ளி, மிஞ்சுவதைப் பாருங்கள். 99999999999999999999.95-இல் 9-களைத் தள்ளினால் மிச்சம் 5. 0.055-க்கு 10, அதாவது 1. இரண்டும் சேர்ந்து 6. விடையான 100000000000000000000.005-இல் 1-உம் 5-உம் 6, பொருந்துகிறது. கேரியைத் தொலைத்த 0.005 என்றால் 5, உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் 712-ஐ இந்தச் சோதனை பிடிக்காது: 4, 7, 3, 5 சேர்ந்தால் 19, மிச்சம் 1. 7, 1, 2 சேர்ந்தால் 10, மிச்சம் 1. பூஜ்ஜியம் தொலைந்தாலும் இலக்கக் கூட்டல் மாறாதே. அதனால் நீளத்தையும் சேர்த்தே சரிபாருங்கள்.

பெரிய அளவில் ஒப்பிட லினக்ஸில் இருக்கும் பிசி (bc) என்ற கட்டளைவரிக் கருவி போதும், கூட்டலை அது எத்தனை இலக்கத்துக்கும் துல்லியமாகப் போடும். ஒப்பிடும்போது எல்லா நீண்ட எண்ணும் தப்பு என்று வந்தால் பதற வேண்டாம். அது நீண்ட விடையை எழுபதாவது எழுத்தை ஒட்டி மடக்கி, வரிக்கடைசியில் ஒரு பின்சாய்கோடு போடும், 0.5-ஐ முன்னால் பூஜ்ஜியம் இல்லாமல் .5 என்று எழுதும். வரி நீளத்துக்கான சூழல் மாறியை 0 ஆக்கி, முன் பூஜ்ஜியத்தை நீங்களே சேர்த்துவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள்.